திட்டினால் தழைக்கும் கொடி

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது. பயப்பட வேண்டாம். கதவு உடையவில்லை. மாலதியின் நகை, என் லேப்டாப், பாஸ்போர்ட் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. போனது ஒரு விரல் நீளத்துக்குக் கொடித்துண்டு. அதில் இலைகூடக் கிடையாது.

இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கொடி வந்த கதையையும், என் அக்கா நாமக்கல்லில் இருந்து வந்து இங்கே செய்துவிட்டுப் போன காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஓர் ஊர். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, தெற்கு ஜெர்மனிக்காரர்களுக்கே தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு வீடு. நான், மனைவி மாலதி, மகள் கயல். நாய் வளர்க்க வேண்டும் என்று கயல் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாடகை ஒப்பந்தம் நாய்க்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு செடி வாங்கித் தருகிறேன் என்றேன். ஏதோ ஒரு ரோஜாத் தொட்டியோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

மான்ஸ்டெரா ஒப்ளிக்வா. தென் அமெரிக்க மழைக்காட்டில் மரத்தைப் பிடித்து ஏறுகிற கொடி. நம் ஊரில் பிரிட்ஜ் மேல் பாட்டில் தண்ணீரில் வளர்கிறதே மணி பிளான்ட், அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இந்தச் சொந்தம் கொஞ்சம் பெரிய இடம். இதன் பெருமை இலையில் இல்லை, இலையில் இருக்கும் ஓட்டையில் இருக்கிறது. ஓட்டை போக மிச்சம் இருக்கும் நரம்பைத்தான் இலை என்கிறார்கள். ஓட்டை எவ்வளவு அதிகமோ விலையும் அவ்வளவு அதிகம். இல்லாத ஒன்றுக்கு நான் காசு கொடுத்தது அதுதான் முதல் தடவை.

2

மழைக்காட்டுக் கொடிக்கு எப்போதும் ஈரக்காற்று வேண்டும். ஜெர்மன் வீட்டிலோ குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் உதடே வெடிக்கும். அதனால் மாலதி பீங்கான் தட்டுகள் அடுக்கி வைத்திருந்த கண்ணாடி அலமாரியைக் காலி செய்து கொடியை உள்ளே குடிவைத்தோம். பாசி சுற்றிய கம்பு ஒன்று, அது பிடித்து ஏற. பனிபோல நீராவி விடும் ஒரு கருவி. மேலே ஒரு விளக்கு, அதற்கு ஒரு டைமர். மாலதி சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். எதற்கும் சீக்கிரம் கோபப்பட மாட்டாள். தட்டுகளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது, "எங்க வீட்டுல விருந்தாளிக்குக்கூட இப்படி ஏசி கோச் குடுத்ததில்ல" என்று மட்டும் சொன்னாள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் தினமும் காலையும் மாலையும் ஜன்னல்களை முழுசாகத் திறந்து வீட்டுக்குக் காற்றுக் காட்ட வேண்டும். வெளியே பனி கொட்டினாலும் திறக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் கட்டட நிர்வாகத்திடம் இருந்து கடிதம் வரும். ஆக, அலமாரிக்குள் அமேசான், அலமாரிக்கு வெளியே சைபீரியா, நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கொடி வந்த பிறகு என் மகள் என்னோடு பேசினாள். கயல் இங்கேயே பிறந்தவள். வளர வளர அவளுடைய தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது. பதின்மூன்று வயதுக்கு மேல் என் கேள்விகளுக்கு வந்த பதில் 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்றுக்குள் அடங்கிவிட்டது. கொடி விஷயத்தில் மட்டும் முழு வாக்கியம் வந்தது, அதுவும் தமிழில். கணு, கொழுந்து, விழுது என்ற சொற்களை எல்லாம் அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அப்பா, மூணாவது கணுவுல வேர் வருது, பாத்தீங்களா?" என்று அவள் கூப்பிட்டால் அலுவலகக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். என் வீட்டில் எனக்கும் என் மகளுக்கும் இடையே ஓடிய ஒரே கம்பி அந்தக் கொடிதான்.

அந்தக் கொடி நின்றுபோனது. சாகவில்லை, வளரவும் இல்லை. ஒரு குளிர்காலம், ஒரு கோடை, மறுபடியும் ஒரு குளிர்காலம். புது இலையே இல்லை. கயல் முதலில் தினமும் பார்த்தாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். 'ம்', 'சரி', 'தெரியல' திரும்பி வந்தன.

3

அதே சமயத்தில்தான் நான் ஜெர்மன் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். தேசபக்தி எல்லாம் இல்லை. விமான நிலையத்தில் இறங்கினால் கயல் அவளுடைய ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பியர் வரிசையில் போய்விடுவாள். எங்களோடு வா, குடும்பமாகப் போகலாம் என்று சின்ன வயதில் இழுத்துக்கொண்டு போவேன். வளர்ந்த பிறகு அவளை இழுக்க முடியுமா? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தப் பக்கம் நானும் மாலதியும் வளைந்து வளைந்து போகும் வரிசையில் ஊர்ந்துகொண்டிருப்போம். அவள் நிற்கும் வரிசையில் நானும் நிற்க வேண்டும். என் மனுவுக்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் குடியுரிமை அலுவலகத்தில் காரணம் கேட்டபோது ஜனநாயகம் என்று சொல்லி வைத்தேன்.

மனுப் போட்டவன் மேல் ஏதாவது வழக்கோ விசாரணையோ நடந்தால் அது முடியும்வரை மனு அப்படியே கிடக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் ரோட்டில் ஆளே இல்லாத நேரத்தில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்றேன். காலிப் பாட்டில் போடும் தொட்டிகளில் பச்சைக்குப் பச்சை, வெள்ளைக்கு வெள்ளை என்று பார்த்துப் போட்டேன். பக்கத்துத் தெரு நாயிடம்கூட மரியாதையாகப் பேசினேன்.

நாயிடம் பேசியது மனுவினால் வந்த பழக்கம் இல்லை, அது பிறவிக் கோளாறு. ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. நாமக்கல் பக்கத்துக்காரன் வாயில் 'ங்க' போடாமல் பேச்சு வராது. அதனால் குழந்தை, நாய், தபால் எந்திரம் எல்லோருக்கும் என்னிடம் 'ஸீ'தான். "அப்பா, நாய்க்கு யாரும் ஸீ சொல்ல மாட்டாங்க. என் பிரண்ட்ஸ் சிரிக்கறாங்க" என்று கயல் கெஞ்சுவாள். அந்த நாய் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

4

இந்த நிலையில் என் அக்கா சரஸ்வதி மூன்று மாத விசாவில் வந்து சேர்ந்தாள். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மோகனூர் ரோட்டில் அவளுக்கும் மாமாவுக்கும் முட்டைக் கோழிப் பண்ணை. அவள் வருவதற்கு நான் ஓர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். என் அக்கா இங்கே இருக்கும்வரை அவளால் ஆகும் எல்லாச் செலவுக்கும் நானே பொறுப்பு. "உங்கள் விருப்பப்படிதான் கையெழுத்திடுகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். அக்கா விஷயத்தில் என் விருப்பத்தை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

வந்த மறுநாள் காலை அவள் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றாள்.

"ஏன் சாமி, பூச்சி அரிச்ச எலைய எதுக்கு உள்ள வெச்சுப் பூட்டியிருக்கற?"

"பூச்சி இல்லக்கா. அதோட வகையே அப்படித்தான்."

"லைட்டெல்லாம் போட்டிருக்கற?"

"டைமர் இருக்குது. விடியறதுக்கு முன்னாடியே எரிய ஆரம்பிச்சிரும்."

"நாங்களும் பண்ணையில அப்படித்தான் போடறோம். லைட்டப் போட்டுப் பகல்னு ஏமாத்துனா கோளி முட்டை போடும். இது என்ன போடும்?"

சோபாவில் படுத்திருந்த கயல், "எலை, அத்தை" என்றாள்.

"அதையுங் காணமே கண்ணு."

அன்று நான் வழக்கம்போல இந்த ஊரின் காற்று, வெளிச்சம், ஹீட்டர், ஜன்னல் விதி எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காசு குடுத்தா வாங்குன?"

ஆமாம் என்றேன். அவள் மாலதியைப் பார்த்தாள். மாலதி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஆனால் நான் எஞ்சினியரிங் படித்தவன் என்பதால் தெரியாததுபோல இருந்தேன்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயலுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் மணி பிளான்ட்டை யாரும் கடையில் வாங்குவதில்லை. வாங்கி வைத்தால் வராது. இன்னொருவர் வீட்டில் இருந்து அவர்களுக்குத் தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைக்க வேண்டும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை, ஆனாலும் கேட்கக் கூடாது. அக்கா வீட்டு மணி பிளான்ட் ஒரு பேங்க் மேனேஜர் வீட்டு ஜன்னலில் இருந்து வந்தது. லோன் கேட்கப் போன மாமா லோன் கிடைக்காமல் கொடியோடு திரும்பினார். மேனேஜர் வீட்டு அம்மா அதை ரிஜிஸ்தரார் ஆபீஸில் இருந்து கொண்டு வந்ததாகக் கேள்வி.

கயல் எழுந்து உட்கார்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் முழுசாகத் திரும்பியது அன்றுதான்.

"அத்தை, அப்போ அந்த வீட்டுக்காரங்க கோச்சுக்க மாட்டாங்களா?"

"கோச்சுக்கோணும் கண்ணு. அது அவங்க கடமை. கொழுந்து இல்லைன்னு பாத்த ஒடனே வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி திட்டிப்போடோணும். ஆனா பேரு சொல்லக் கூடாது. ஆளு யாருன்னு தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி வாயத் தொறக்காம பொட்டாட்ட இருந்துக்கோணும். எடுத்தவளும் அவ ஊட்டுல இருந்து அதக் கேட்டுக்கிட்டு பொட்டாட்ட இருப்பா. எத்தனைக்குத் திட்டு உளுகுதோ அத்தனைக்குத் தழையும்."

கயல் இதை முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு கேட்டாள். அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை. திருட்டுக்கு இத்தனை நடைமுறை விதிகள் உண்டு என்பது அவளுக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

5

எதிர்வீட்டில் ஹெல்கா அம்மா இருக்கிறார். தனியாக இருப்பவர். நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஊருக்கு வரும்போது எங்கள் செடிகளுக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். அந்த நன்றிக்காக எங்கள் கொடி நன்றாக இருந்த காலத்தில் ஒரு துண்டு வெட்டி அவருக்குக் கொடுத்திருந்தோம். அதை அவர் மீன் செத்துப்போன பழைய கண்ணாடித் தொட்டியில் வைத்தார். எங்களுடையது முடங்கிக் கிடக்க, அங்கே அது தொட்டி நிறைய ஓட்டை ஓட்டையாகத் தழைத்துக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை ஹெல்கா அம்மா அக்காவைக் காப்பிக்கு அழைத்தார். மொழிபெயர்க்கக் கயலும் போனாள். எனக்கு அழைப்பு இல்லை. ரொம்ப நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அக்கா கதவைச் சாத்திவிட்டு மடியில் இருந்து ஈரமான காகிதத் துடைப்பான் ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்தாள். உள்ளே ஒரு கொடித்துண்டு. இலை இல்லை. மூன்று கணு.

"அக்கா, இது என்ன?"

"என்னன்னு தெரியலயா? போயி தொட்டியில வையி."

"அவங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டாப் பொறவு அதுக்கு என்ன பேரு?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

நான் கயலைப் பார்த்தேன். அக்கா எடுத்தபோது அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். "நான் எதையும் பாக்கல" என்று தமிழில் சொன்னாள். விதியை அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

என் கையெழுத்தில் இந்த நாட்டுக்குள் வந்த ஒருத்தி, நீதிமன்ற எழுத்தர் வீட்டில், சொத்தைக் களவாடி, என் வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறாள். என் மனு அலுவலகத்தில் இருக்கிறது. விசாரணை, பதிவு, கிடப்பு, பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். "இப்பவே போய்த் திருப்பிக் குடுத்துடலாம்" என்று மாலதியிடம் சொன்னேன். மாலதி ஏற்கெனவே அதைப் பாசியில் நட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

6

மூன்றாம் நாள் ஹெல்கா அம்மா மணி அடித்தார். நான் மட்டும் கதவருகே போனேன். தன் கொடியில் ஒரு துண்டு காணவில்லை என்றார். அதே சனிக்கிழமை காலையில் ஹீட்டர் மீட்டர் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்து போயிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்போல இருந்தார், தொட்டிப் பக்கமே நின்றுகொண்டிருந்தார் என்று ஹெல்கா அம்மாவுக்கு நினைவு. கட்டட நிர்வாகத்துக்கு எழுதப் போகிறாராம். "உங்களுக்கு அவரைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் கதவைச் சாத்தியதும் அந்த மீட்டர் ஆளின் நினைவுதான் வந்தது. யாரோ ஒரு பிழைக்க வந்தவர், நாமக்கல்காரியின் கைவேலைக்கு அவர் மாட்டப் போகிறார். சொன்னால் என் மனு என்ன ஆகுமோ தெரியாது. சொல்லாவிட்டால் சோறு இறங்காது. எப்படி ஆரம்பிப்பது, 'கிள்ளுவது' என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த கயல் என்னைத் தாண்டிக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டிவிட்டாள்.

நான் என் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தையின் மடி, ஈரக் காகிதம், மூன்று கணு. பிறகு பேங்க் மேனேஜர், ரிஜிஸ்தரார் ஆபீஸ், திட்டுவது கடமை என்பது. நடுவில் ஒரு சொல் வந்தது. 'பை உன்ஸ்.' நம்ம பக்கத்தில் என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவள் தன் பள்ளிக்கும் இந்தத் தெருவுக்கும் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அன்று, 'பை உன்ஸ் இன் நாமக்கல்' என்றாள். நம்ம பக்கத்தில், நாமக்கல்லில். நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மனுவைப் பற்றிய பயம்கூட அப்போது இல்லை.

ஹெல்கா அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "நீதிமன்றத்தில் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன். செடியின் நல்லதுக்காகத் திருடினேன் என்று யாரும் சொன்னதில்லை. சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?"

"திட்ட வேண்டும்" என்றாள் கயல்.

நாங்கள் எல்லோரும் படிக்கட்டு முகப்புக்கு வந்தோம். ஹெல்கா அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மாடிப்படி ஜன்னலைப் பார்த்து, "இது உண்மையிலேயே நல்ல நடத்தை அல்ல" என்றார்.

"என்ன சொல்றாங்க கண்ணு?" என்றாள் அக்கா.

"பண்ணுனது நல்லா இல்லைன்னு சொல்றாங்க அத்தை."

"அவ்வளவுதானா? இதெல்லாம் ஒரு திட்டா? பால் குடிக்கற புள்ளைக்குக்கூட ஒறைக்காதே." அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். "இப்படிச் சொல்லச் சொல்லு. எந்த எடுபட்ட களுத என்ற கொடியில கைய வெச்சது? அந்தக் கை வெளங்குமா? நாசமாப் போக. நேருல வந்து நில்லு பாக்கலாம்..."

மூன்று மாடிக்கும் எதிரொலித்தது. தன்னைத் தானே இவ்வளவு மனமாரத் திட்டிக்கொண்ட இன்னொருத்தரை நான் பார்த்ததில்லை. கயல் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள். ஹெல்கா அம்மா ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார். 'எடுபட்ட'வுக்கு மட்டும் ஜெர்மனில் சொல் கிடைக்கவில்லை, அதை அப்படியே தமிழில் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டட நிர்வாகத்துக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

7

அந்தக் கோடையிலேயே இலை வந்தது. ஒன்றில்லை, வரிசையாக. ஹெல்கா அம்மாவின் தொட்டியில் வளர்ந்த துண்டு நல்ல வேரோடு வந்ததுதான் காரணம் என்று நான் சொன்னேன். கயல் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லப்பா, அந்தத் திட்டு அப்படி" என்றாள். அது முழு வாக்கியம்.

அக்கா ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள், கயலும் ஹெல்கா அம்மாவும் படிக்கட்டில் உட்கார்ந்து எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேகமான ஜெர்மன், எனக்குப் பாதிதான் எட்டியது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"உன்ற புள்ளைய இந்த ஊருக்காரங்க திருடிக்கிட்டாங்க சாமி. அதான் இத்தனை செழிப்பா வாரா."

எனக்கு வலித்தது. அதை மறைக்க, "அப்ப நான் நின்னு திட்டோணுமா?" என்று கேட்டேன்.

"புதுசா வேற திட்டோணுமா? காத்தால எந்திரிச்சதுல இருந்து இந்த ஊரத்தானே திட்டிக்கிட்டிருக்கற. அதுலதான் இந்த வளத்தி வளந்திருக்கறா."

குடியுரிமையும் வந்தது. உறுதிமொழி சொன்னேன், கைகுலுக்கினார்கள். இந்தியத் தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது என்ன உணர்ந்தேன் என்று கேட்காதீர்கள். பசித்தது. அடுத்த முறை விமான நிலையத்தில் நானும் ஐரோப்பியர் வரிசையில் நின்றேன், வேகமாகவே போனது. கயல் மட்டும் இல்லை. பரீட்சை என்று அவள் அந்த முறை வரவில்லை.

8

போன வாரம் கயலை ஃப்ரைபுர்க்கில் கொண்டுபோய் விட்டோம். சட்டம் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். இந்த நாட்டின் தெற்கு முனை, ரயிலில் ஏறினால் பகல் முழுக்க ஓடும். என்னைப் பதினோராம் வகுப்பில் நாமக்கல் பள்ளி விடுதியில் சேர்த்தபோது அப்பா என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் பஸ் ஏறினார். அவருக்குக் கல்நெஞ்சு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கயலின் அறைக்கதவில் இருந்து படி இறங்கும்போதுதான் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று புரிந்தது. நானும் திரும்பவில்லை.

கொடியில் ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா என்று கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் கேட்டிருந்தேன். "வேண்டாம்ப்பா, அங்க எடமில்ல" என்று போனைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். அத்தோடு அந்தக் கம்பியும் அறுந்தது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு சில நாள் அலமாரிப் பக்கமே நான் போகவில்லை.

இன்று காலை போனேன். கீழே ஒரு கொடி பாசியைவிட்டு வெளியே நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. அதன் நுனி இல்லை. கணுவுக்குக் கீழே சரிவாக, சுத்தமாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே வெட்டியிருந்தது. வெட்டு காய்ந்து நாளாகியிருந்தது.

சமையலறையில் மாலதி இருந்தாள். "இங்க ஒரு காலி ஊறுகாய் பாட்டில் இருந்துதே?" என்றேன்.

"கழுவி வச்சேன். அப்புறம் காணோம்" என்றாள் திரும்பாமல். "நான் எதையும் பாக்கல."

கேட்டுக் கொடுத்திருந்தால் வராது. அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். அது அங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது. நான் அலமாரியைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில், காலை நேரத்தில், ஒரு மனிதன் ஓட்டை இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுவது அழகில்லை. ஆனால் அழுதேன்.

பிறகு என் கடமை நினைவுக்கு வந்தது. படிக்கட்டு முகப்புக்குப் போய் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தேன். "எந்த எடுபட்ட களுதைங்க என்ற கொடியில..." என்று ஆரம்பித்தேன். திட்டும்போதுகூட 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்தது. குரலும் எழவில்லை. அதற்குள் எதிர்க்கதவு திறந்தது.

"என்ன ஆயிற்று?" என்றார் ஹெல்கா அம்மா.

"திருட்டு" என்றேன். "கொடியில் ஒரு துண்டு."

"புகார் கொடுக்கப் போகிறீர்களா?"

"இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலில் கயலின் செருப்பு வழக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அப்படியென்றால் இன்னும் சத்தமாகத் திட்டுங்கள்" என்றார். "ஃப்ரைபுர்க் ரொம்பத் தூரம்."

ஜன்னலின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, முதலில் இருந்து ஆரம்பித்தேன்.